சொந்தக்காரர் இல்லாத வருத்தம்

பதினேழு வயதுக்குள் நிரோசினிக்குச் சர்க்கரை வியாதி வந்துவிட்டது. கர்ப்பப்பை இறங்கியிருக்கிறது. முழங்கால் தேய்ந்திருக்கிறது. ஒருமுறை புரஸ்டேட் சுரப்பி வீங்கி, பாவம், மிகவும் கஷ்டப்பட்டுப்போனாள். எல்லாம் இத்தாலிய மொழியில் வந்த வருத்தங்கள். தமிழில் அவள் நல்ல சுகமாகத்தான் இருந்தாள்.

வருத்தம் என்று நம்மவர்கள் நோயைத்தான் சொல்வோம். மனக்கவலைக்கு நாம் பெயர் வைப்பதில்லை, அது வீட்டுக்குள் பெயர் இல்லாமலே வளர்ந்துகொள்ளும்.

இத்தாலியின் சிசிலித் தீவில், பலேர்மோ நகரத்து அல்பெர்கேரியாவின் ஒடுங்கிய சந்துகளில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்து, மன்னார்ச் சனம் டொக்டரிடம் போவதென்றால் கூடவே ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகும். பிள்ளைகள் பலேர்மோவில் பிறந்தவர்கள், பலேர்மோக்காரர்களைப் போலவே சொல்லின் வாலை இழுத்து விடுபவர்கள். பெரியவர்கள் வருத்தத்தைக் கொண்டுபோவார்கள், பிள்ளை வாயைக் கொண்டுபோகும். பெரும்பாலான பிள்ளைகள் போனைப் பார்த்துக்கொண்டே, "இவவுக்கு வயித்துக்குள்ளை நோகுதாம்" என்பதை இத்தாலியத்தில் சொல்லி முடித்துவிடுவார்கள். டொக்டரும் தலை நிமிராமல் பனடோலை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

நிரோசினி அந்த ரகம் இல்லை. போக வேண்டிய நாளுக்கு முதல்நாளே வருத்தக்காரரைத் தன் வீட்டுக் குசினிக்கு வரச்சொல்லுவாள். இழுக்கிற நோவா, எரிகிற நோவா, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, நோ வரும்போது மனதுக்குள் என்ன ஓடுகிறது என்று கேட்டுக்கொள்வாள். அவர் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனபின், குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் எழுந்து நின்று சொல்லிப் பார்ப்பாள். முதலில் தமிழில், அந்த ஆளின் குரலிலேயே, அதே பெருமூச்சோடு, இடுப்பில் கைவைத்தபடி. பிறகு இத்தாலியத்தில். டொக்டரின் அறைக்குள் போய்ச் சேரும்போது நோ அவளுக்குள் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருக்கும். உண்மையான நோயாளிக்குத் தலை நிமிராத டொக்டர்மார் இவள் பேசத் தொடங்கினால் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்கள்.

நிரோசினி சொன்னால் ஸ்கான் எழுதுவார்கள் என்பது ஊரின் தீர்ப்பு. கூலியாக முறுக்கும், 'டொக்டராய் வருவாய்' என்ற ஆசீர்வாதமும் கிடைத்தன. தாய் பிரசாந்தினி, சிஞ்ஞோரா ஒருத்தியின், அதாவது இத்தாலிய எசமானியின், வீட்டில் துடைத்துக் கழுவிவிட்டுப் பின்னேரம் வருபவர், வெங்காயம் அரிந்தபடியே மகள் விதவிதமான நோய்களால் அவதிப்படுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார். மற்ற வீடுகளில் ரேடியோ போடுவார்கள். தகப்பன் யசிந்தனுக்குக் கடற்கரைப் பக்கம் ஸ்ஃபெர்ராகவால்லோவில், மீன் உணவகம் ஒன்றில் வேலை. மற்றவர்கள் எழும்பும்போது அவர் படுத்திருப்பார், அவர்கள் படுக்கும்போது வேலையில் இருப்பார். ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கும் இன்னொரு ஆள் என்றுகூடச் சொல்லலாம்.

சொல்லி முடித்த வருத்தங்களில் சில உடனே விட்டுப் போவதில்லை என்பது நிரோசினிக்குத் தெரிந்திருந்தது. மேல்மாடியில் இருக்கும் சறோஜா அன்ரியின் முழங்காலைச் சொல்லிவிட்டு வந்தபின், அவளும் கொஞ்சநாள் படிகளில் பக்கவாட்டாக இறங்கினாள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். சறோஜாவுக்கு ஊசி போட்டு நோக் குறைந்ததும் இவளுக்கும் குறைந்துவிட்டது. இரவல் வாங்கிய சட்டியைத் திருப்பிக் கொடுப்பது மாதிரித்தான். சொந்தக்காரருக்குச் சுகம் வந்தால் இவளிடம் உள்ளதும் போய்விடும். இதை அவள் யாருக்கும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

தில்லையம்பலம் வந்தது மாசி மாதத்தில்.

அவர் ஸ்ஃபெர்ராகவால்லோவில் யசிந்தனின் அதே உணவகக் குசினியில் காலையில் மீன் கழுவுபவர். பின்சந்தில் தனியறை. தலையிடி என்றுதான் வந்து உட்கார்ந்தார். பிரசாந்தினி உடுப்புக் காயப்போட வெளியே போகும்வரை தலையிடியைப் பற்றியே கதைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். காலை வேலை முடிந்து வந்து மத்தியானத்தில் சரிந்தால், அலுமாரிக்கும் யன்னலுக்கும் நடுவில் ஒருவர் வந்து நிற்கிறாராம். தலை முதல் கால்வரை ஈரம். ஆனால் நிலத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஒன்றும் பேசமாட்டாராம், முகத்தையும் பார்க்கமாட்டாராம். கட்டிலுக்குக் கீழே கழற்றி வைத்திருக்கும் செருப்பைத்தான் பார்ப்பாராம். கொஞ்சநாள் பார்த்துக்கொண்டு மட்டும் நின்றவர், இப்போது குனிந்து அதைப் போட்டுப் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்.

"அளவு சரியாய்க் கிடக்குது பிள்ளை," என்றார் தில்லையம்பலம். "அதுதான் எனக்குப் பயம்."

நிரோசினி அதைக் குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று சொல்லிப் பழகினாள். டொக்டரிடம் சொன்னாள். டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார். கடலில் யாரையாவது இழந்தவரா என்று விசாரித்தார். அவள் திரும்பித் தில்லையம்பலத்திடம் கேட்டாள். அவர் சிரித்தார். "கடலிலை ஆள் போகாத வீடு எங்கடை சனத்திலை எங்கை பிள்ளை இருக்கு?" இத்தாலியத்தில் அதை அவள் 'ஆம்' என்று சுருக்கிவிட்டாள். சிரிப்பை எப்படி மொழிபெயர்ப்பது? சொட்டு மருந்து கிடைத்தது, மனநல வைத்தியரைப் பார்க்கத் திகதியும் கிடைத்தது. அந்தத் திகதி வரும்முன் தில்லையம்பலம் மீன் கழுவும் தொட்டிக்குப் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்துப்போனார்.

இறுதிக் கிரியையில், ஒரு வருத்தம் துன்பம் இல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டார், நல்ல சாவு என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். பின்வரிசையில் நிரோசினி இருந்தாள். அவளிடம் இருந்தது சுகமாகாமலே சொந்தக்காரரை இழந்த ஒரு வருத்தம். அதற்குப் போக்கிடம் இல்லை. அதற்குத் தெரிந்த விலாசம் இன்னொன்றுதான் இருந்தது, அவளுடையது.

பலேர்மோ மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருமுறை செத்துப்போகும். பல்லரோச் சந்தையின் கூச்சல் அறுந்து விழும். மீன் கழுவிய தண்ணீர் கற்களின் இடுக்கில் காயும். எல்லா யன்னல் பலகைகளும் அடைபடும். ஆபிரிக்கப் பக்கமிருந்து சூடான காற்று வீசும் நாட்களில் நாய்கூடக் குரைக்காது. உச்சி வெயிலில் கால் நிலத்தில் படாதவர்கள் நடமாடுவார்கள் என்பது யாழ்ப்பாணத்துக்குத் தெரியும். சிசிலிக்காரருக்கும் அது தெரிந்திருக்கிறது, இல்லாவிட்டால் பட்டப்பகலில் ஊரே கதவைச் சாத்திவிட்டு ஏன் படுக்கிறது? இரண்டு இனங்களும் சண்டை இல்லாமல் ஒத்துக்கொள்ளும் ஒரே விஷயம் இதுவாகத்தான் இருக்கும்.

அந்த நேரத்தில்தான் நிரோசினி பள்ளிக்கூடத்தால் வருவாள். தாய் வரப் பின்னேரமாகும், தகப்பன் அதற்கு முன்பே வேலைக்குப் போயிருப்பார். ஆறிய சோற்றைத் தின்றுவிட்டுப் படுத்திருந்த ஒருநாள், முதலில் மணம் வந்தது. மீன் மணம் இல்லை. மீனைக் கிடத்தி எடுத்த பிறகு பனிக்கட்டியில் மிஞ்சுமே, அந்த மணம். பிறகு அலுமாரிக்கும் யன்னலுக்கும் நடுவில் இருள் கொஞ்சம் தடித்தது. அவர் நின்றார். அவளுடைய ரோஸ் நிறச் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இது தில்லையம்பலம் மாமாவுடையது என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு அவரிடமும் சொன்னாள், பழக்கதோஷத்தில் இத்தாலியத்தில். அவருக்கும் அந்த மொழி தெரியவில்லை போலும், அசையவில்லை. மறுநாளும் வந்தார். சித்திரை மாதம் அளவில் குனியத் தொடங்கினார்.

இந்த இடத்தில் கல்வியமைச்சைப் பாராட்டத்தான் வேண்டும். ஏனென்றால் அதே சித்திரையில்தான் நிரோசினி படித்த உயர்நிலைப் பள்ளியில் மாணவர்களுக்கு மனநல அறிவூட்டும் பாடம் ஆரம்பமானது. அரசாங்கத்தின் இலவச ஆலோசனை நிலையம் ஒன்றிலிருந்து மொனிகா என்ற உளவியலாளர் வந்தார், பிள்ளைகளுக்கு அவர் 'டொட்டொரெசா', டொக்டரம்மா. மென்மையான குரல், பெரிய தோடு, பிள்ளைகளில் உண்மையான அக்கறை. பாடம் முழுவதும் ஜூலியா என்ற பெண்ணைப் பற்றியே இருந்தது. ஜூலியா தூங்குவதில்லை. ஜூலியா நண்பர்களை விட்டு ஒதுங்குகிறாள். மற்றவர்களுக்குக் கேட்காத குரல் ஜூலியாவுக்குக் கேட்கிறது. நீங்கள் என்ன செய்வீர்கள்? வகுப்பு முழுவதும் கைதூக்கியது. கேலி செய்ய மாட்டோம், பக்கத்தில் இருப்போம், நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் கூட்டிப்போவோம். உலகத்தில் இல்லாத ஜூலியாவை அந்த வகுப்பு வாராவாரம் காப்பாற்றியது.

முடிவில் வைத்த சோதனையில் பள்ளிக்கே முதலாவதாக வந்தவள் நிரோசினி. மன அழுத்தத்தின் அறிகுறி, பதற்றத்தின் அறிகுறி, எந்த நிலையில் யாரிடம் போக வேண்டும் என்று எதைக் கேட்டாலும் சரியாகச் சொன்னாள். இப்படியான விஷயங்களில் இவளுக்குத் தனிக் கண் இருக்கிறது என்று மொனிகா எல்லோர் முன்னாலும் சொன்னார். இரண்டு கண்களும் இருந்தன, அவற்றுக்குக் கீழே கருவளையங்களும் இருந்தன. உங்கள் சமூகத்துக்குப் பயன்படும் என்று பாடத்தின் துண்டுப்பிரசுரத்தைத் தமிழில் எழுதித் தரக் கேட்டார். அவள் நல்ல தமிழில் எழுதிக் கொடுத்தாள். 'தொடர்ச்சியான தூக்கமின்மை, பிறர் காணாததைக் காணுதல், வாழ்வில் பற்றின்மை ஆகியவை தென்பட்டால் தயங்காது உதவி நாடுங்கள்.' பிரசாந்தினி அதில் ஒன்றைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் பெருமையோடு ஒட்டிவைத்தார்.

இளம்பிள்ளைகள் மனதில் இருப்பதை மறைக்கிறார்கள், அதுதான் பிரச்சினை என்று இந்த விஷயத்தைப் பற்றிப் பேசும் அறிஞர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். நிரோசினி மறைக்கவில்லை. ஒரு பின்னேரம் அந்தத் துண்டுப்பிரசுரத்துக்குப் பக்கத்திலேயே நின்று சொன்னாள். தாய் அடுப்பில் பருப்பைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"அம்மா, மத்தியானத்திலை ஒராள் வந்து நிக்கிறார். நேற்று என்ரை செருப்பைப் போட்டவர். எனக்கு இனி அந்த அறைக்குள்ளை படுக்கேலாது. எனக்கு இருக்கவே விருப்பமில்லை அம்மா."

பிரசாந்தினி அடுப்பைக் குறைத்தார். தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டார்.

"கடைசி வசனத்தை இன்னும் கொஞ்சம் ஆறுதலா, நிறுத்திச் சொல்லு," என்றார். "ஆற்றை வருத்தம் இது? பக்கத்து வீட்டுக் கிளறாவின்ரையோ?"

"என்ரை."

"அப்பிடித்தான் சொல்லோணும். டொக்டர் நம்புவார்."

பருப்பு கொதித்தது. நிரோசினி கோப்பைகளை எடுத்து வைத்தாள்.

அடுத்த கிழமை பள்ளியில் மொனிகா மாணவர்களைத் தனியாகச் சந்திக்கும் அறைக்குப் போனாள். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. தன்னுடையதைத் தன்னுடையதாகச் சொல்லித் தொடங்கி அவளுக்குப் பழக்கம் இல்லை. 'எங்கள் ஆட்களில் ஒருவர்' என்று தொடங்கிவிட்டாள். மொனிகா முகம் மலர்ந்தார், படிப்பித்தது பலன் தருகிறதே என்று. அந்த ஆளை வியாழக்கிழமை பின்னேரம் தன் ஆலோசனை நிலையத்துக்கே கூட்டி வரும்படியும், நீயே மொழிபெயர்ப்பாளராக வந்தால் நல்லது என்றும் சொன்னார். நிரோசினி நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள். வருத்தம் தயார், டொக்டர் தயார். வருத்தக்காரர்தான் இல்லை.

அவள் மேல்மாடிக்கு ஏறினாள்.

சறோஜா மன்னார்க்காரி. வயதான சிஞ்ஞோரா ஒருத்தியைக் குளிப்பாட்டிச் சாப்பாடு தீத்தும் வேலை, வியாழன் பின்னேரம் ஓய்வு. தான் எதற்காக வரவேண்டும் என்று அவர் கேட்டார். ஒன்றுமில்லை அன்ரி, பக்கத்தில் இருந்தால் போதும், நான் கதைப்பேன் என்றாள் நிரோசினி.

"எனக்கு என்ன வருத்தம் எண்டாவது சொல்லன். ஆராவது கேட்டால் நான் என்ன சொல்லுறது?"

"ஒருத்தரும் கேக்கமாட்டினம் அன்ரி."

சறோஜா அவள் முகத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார். பிறகு ஓம் என்றார். வியாழக்கிழமை கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு, பொட்டுத் தோடும் போட்டுக்கொண்டு வந்தார். வருத்தக்காரி என்றால் வடிவாகப் போக வேண்டும், இல்லாவிட்டால் மதிக்கமாட்டார்கள் என்பது அவருடைய கொள்கை.

ஆலோசனை நிலையத்தின் அறையில் ஒரு மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மொனிகா நோயாளியின் கதிரையில் சறோஜாவை இருத்தினார். நிரோசினி வழக்கம்போலக் கதிரைக்குப் பின்னால் நின்றாள். பிறகு சொன்னாள்.

இதுவரை எத்தனையோ பேருக்காகச் சொன்னவள் அன்றைக்குப்போல் ஒருநாளும் சொன்னதில்லை. பனிக்கட்டி மணத்தைச் சொன்னாள். ஈரத்தையும், காய்ந்த நிலத்தையும் சொன்னாள். செருப்பைச் சொன்னாள், அது அவருக்கு மிகச் சின்னதாக இருந்தது, ஆனால் நாளுக்கு நாள் பொருந்தி வருகிறது என்று சொன்னாள். தூக்கம் போய்விட்டதைச் சொன்னாள். பிறகு அந்தக் கடைசி வசனத்தை, தாய் சொல்லிக் கொடுத்ததுபோலவே ஆறுதலாகச் சொன்னாள்.

மொனிகா கண்ணாடியைக் கழற்றியிருந்தார். மேசைக்கு மேலால் கையை நீட்டிச் சறோஜாவின் கையைப் பிடித்தார். அந்தக் கையைச் சறோஜா பார்த்தார். மரியாதைக்கு ஒரு சிரிப்புச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுபோனது.

"நோன் இயோ," என்றார். நான் இல்லை. விரலைப் பின்பக்கமாக நீட்டினார். "லேய்." இவள்.

நம்மவர்களின் ரகசியம் ஒன்றை இங்கே உடைக்க வேண்டியிருக்கிறது. இத்தனை வருடமாக இந்த ஊர்க் கிழவிகளைக் குளிப்பாட்டி, அவர்களின் பிள்ளைகளோடு சண்டைபிடித்து, அவர்கள் சாகும்போது பக்கத்தில் இருந்து செபம் சொன்ன சறோஜாவுக்கு இத்தாலியம் விளங்காதா? எல்லாம் விளங்கும். கிளறாவுக்கும் விளங்கும், செத்துப்போன தில்லையம்பலத்துக்கும் விளங்கியிருக்கும். விலை பேசலாம், திட்டலாம், வானிலை கதைக்கலாம். எனக்கு நோகிறது என்று மட்டும் இன்னொருவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வராது. எந்த மொழியிலும் வராது. அந்த ஒரு வசனத்தைச் சொல்லத்தான் நாம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறோம்.

நிரோசினி உடனே குறுக்கிட்டாள். இவருக்குச் சரியாக விளங்கவில்லை டொட்டொரெசா, தனக்கு வருத்தம் இல்லை என்று நினைப்பதும் வருத்தத்தின் ஒரு அறிகுறிதானே என்றாள், வகுப்பில் படித்த அதே சொற்களில். மொனிகா தலையாட்டினார். பள்ளிக்கே முதலாவதாக வந்த பிள்ளை. அந்தத் தலையாட்டலோடு எல்லாம் முடிந்திருக்கும்.

சறோஜா எழுந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். நிரோசினியின் தோளைப் பிடித்து முன்னுக்கு இழுத்து, அந்தக் கதிரையில் அமர்த்தினார்.

"இரு," என்றார். தான் பின்னால் போய் நின்றார்.

பிறகு அவர் இத்தாலியம் பேசினார். காலமும் இல்லை, ஒழுங்கும் இல்லை, எல்லா வினைச்சொல்லும் வேரோடு பிடுங்கின கீரை மாதிரி. இவள் தூங்க இல்லை. இவள் சாப்பிட இல்லை. மத்தியானம் நான் மேலே, இவள் கீழே, இவள் தனிய, இவள் ஒரு ஆளோடு கதைக்க. நான் கேட்க. தாய் இல்லை, ஒருத்தரும் இல்லை. இவள் கதைக்க.

மொனிகா இப்போது பார்த்தது நிரோசினியை. எத்தனையோ கிழமையாகப் பார்த்துக்கொண்டிருந்த முகம்தான். உண்மையா என்று கேட்டார். நிரோசினி வாயைத் திறந்தாள். இத்தாலியம் வரவில்லை. இருந்த இத்தாலியம் எல்லாம் மற்றவர்களுக்காகச் சேர்த்து வைத்தது, தனக்கென்று ஒரு சொல்கூட மிஞ்சவில்லை.

"ஓம்," என்றாள் தமிழில். "என்ரைதான்."

சறோஜா அதை மொழிபெயர்த்தார். பிறகு குனிந்து, அவள் காதோடு காதாகக் கேட்டார்.

"இடக்காலைத்தானே பிள்ளை முதல் போடுறவர்?"

எந்தக் கால் என்று நிரோசினி யாரிடமும் சொன்னதில்லை. தில்லையம்பலமும் சொன்னதில்லை. மின்விசிறி ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. அவள் தலையாட்டினாள். அழுகையும் அப்போதுதான் வந்தது. என்ன கேட்டீர்கள் என்று மொனிகா விசாரித்தார். ஒன்றுமில்லை என்றார் சறோஜா.

பிள்ளை தனித்துப்போகக் கூடாது என்று சறோஜா குருட்டாம்போக்கில் அடித்துவிட்டிருக்கலாம். மனிதருக்கு இரண்டு கால்தான், அடித்தால் பாதிக்குப் பாதி சரிவரும். அல்லது மேல்மாடியிலும் ஒரு அலுமாரியும் ஒரு யன்னலும் இருப்பதை நாம் யோசிக்கலாம். சறோஜாவிடமே கேட்டுப் பார்த்தாயிற்று. உமக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்டார். ஆனால் அன்றைக்கு மொனிகா எழுதியது ஒரு திகதி இல்லை, இரண்டு. இரண்டாவது யாருக்கு என்பதையும் சறோஜா சொல்லவில்லை.

பின்னேரம் சறோஜா சேலையைக்கூட மாற்றாமல் பிரசாந்தினியின் குசினிக்கு வந்தார். இவள் எல்லாருடையதையும் இப்படித்தான் சொல்லிப் பழகுகிறவள் அக்கா, நீங்கள் அதை உண்மை என்று நினைத்துவிட்டீர்கள் என்று பிரசாந்தினி விளங்கப்படுத்தத் தொடங்கினார். சறோஜா கையை உயர்த்தி மறித்தார்.

"பிரசா, இது உன்ரை பிள்ளையின்ரை வருத்தம். வேறை ஒருத்தற்றையும் இல்லை."

பிரசாந்தினி குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தார். மகள் எப்போதும் நிற்கும் இடம். கடைசி வசனத்தை எப்படிச் சொல்ல வேண்டும் என்று தான் திருத்திக் கொடுத்தது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும், அகப்பையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"எப்ப தொடக்கம்?" என்று மகளைக் கேட்டார்.

நிரோசினியும் நிலத்தில் உட்கார்ந்து சொன்னாள். இந்தமுறை தடுமாறித் தடுமாறி, பாதி வசனங்களை விழுங்கி, மிகவும் மோசமாகச் சொன்னாள். எந்த டொக்டரும் கண்ணாடியைக் கழற்றியிருக்கமாட்டார். பிரசாந்தினி ஒரு சொல்லையும் திருத்தவில்லை.

அதற்குப் பிறகு நடந்தவை சாதாரணமானவை. மொனிகா இன்னொரு வைத்தியரையும் சேர்த்துக்கொண்டார். மாத்திரை உண்டு, கிழமைக்கொருமுறை பேச்சும் உண்டு. வருத்தத்துக்கு நீளமான பெயர் ஒன்றும் உண்டு, அது நிரோசினியின் சொந்தப் பெயரில் பதியப்பட்டிருக்கிறது. பிரசாந்தினி சிஞ்ஞோராவிடம் கதைத்து மத்தியானத்தோடு வீட்டுக்கு வரத் தொடங்கினார். யசிந்தன் வேலைக்குப் போகும்முன் ஒருநாள் அலுமாரியை இழுத்து யன்னலோடு ஒட்டிவைத்தார். நடுவில் இடம் இல்லை, நிற்கிறவர் எங்கே நிற்பார் என்பது அவர் வாதம். ஈரமானவர் இப்போது அரிதாகத்தான் வருகிறார், வந்தாலும் கதவடியில் நின்றுவிட்டுப் போய்விடுகிறார். மாத்திரை வேலை செய்கிறது என்கிறார் மொனிகா. அலுமாரி என்கிறார் யசிந்தன். இரண்டு பேரும் சந்தித்துத் தீர்த்துக்கொள்ளட்டும்.

ஒருமுறை மொனிகா தாயையும் வரச்சொல்லியிருந்தார். நீங்கள் எப்படித் தூங்குகிறீர்கள் என்று பிரசாந்தினியிடம் கேட்டார். பிரசாந்தினி வழக்கப்படி மகளின் பக்கம் திரும்பினார்.

"அதை நீங்களே சொல்லுங்கோ அம்மா," என்றாள் நிரோசினி.

பிரசாந்தினிக்குச் சொல்ல நெடுநேரம் எடுத்தது. என்ன சொன்னார் என்பது நமக்குத் தேவையில்லை.

சந்துகளில் இப்போது நிரோசினியைப் பற்றி நல்ல அபிப்பிராயம் இல்லை. படிப்புத் தலைக்கேறிவிட்டது, ஒரு அவசரத்துக்குக் கூப்பிட்டால் வருகிறாள் இல்லை என்கிறார்கள். பழையபடி தலை நிமிராத டொக்டர்மார், பழையபடி பனடோல். கொஞ்சக்காலம் ஊர் மிகவும் கஷ்டப்பட்டது. பிறகு ஆவணி மாதத்தில் நல்ல செய்தி வந்தது. கோபாலசிங்கத்தின் மகள் அபிதா, பதின்மூன்று வயது, நன்றாகச் சொல்லுகிறாளாம். சொல்லும்போது கண்ணீரே வருகிறதாம். கிளறாவுக்கு ஸ்கான் கிடைத்துவிட்டதாம்.

நிரோசினி அபிதாவைப் பல்லரோச் சந்தையில் கண்டாள். தக்காளிக் கூடைகளுக்கு நடுவில், தாய்க்காகப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள் சிறுமி. ஒரு தோள் மற்றதைவிடக் கொஞ்சம் இறங்கியிருந்தது, எப்போதோ யாரோ வயதான ஒருவர் அப்படி நின்றிருப்பார். நிரோசினி கிட்டப் போய் அவளுக்கு முன்னால் நின்றாள்.

"அபிதா, உனக்கு எப்பிடி இருக்கு?"

அபிதா திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தாள், கேள்வி யாருக்கு என்று.

"உன்னைத்தான்," என்றாள் நிரோசினி.